மேளத்திலிருந்து தனித்தட்டுக்கு

ஒரு குழுவின் குரலாக ஊரறிந்த கலைஞர், ஒருநாள் தன் பெயரை மட்டும் போட்டு ஒரு பதிவை வெளியிடுகிறார். அந்தப் பதிவில் ஒலிப்பது அவர் மட்டும்தானா? குழுவோடு இருந்தபோது கிடைத்த பலம் அவரோடு கூடவே வருகிறதா, குழுவிலேயே தங்கிவிடுகிறதா? மேற்கத்திய ராக் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது. காவிரிப் பாசனப் பகுதியில் இதே கேள்வி அதற்கு வெகுகாலம் முன்பே எழுந்துவிட்டது. கோயில் வீதியில் ஐந்தாறு பேர் சேர்ந்து வாசித்த பெரிய மேளத்திலிருந்து நாயனக்காரர் (நாதஸ்வரக் கலைஞர்) ஒருவர் மட்டும் கிராமபோன் தட்டுக்குள் போன காலம் அது.

இந்தக் கட்டுரை இரண்டு உலகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. கூடுதல் இடம் நம்முடைய மேளத்துக்குத்தான். மன்னார்குடியை நடுவில் வைத்து வட்டம் போட்டால் நீடாமங்கலம், வலங்கைமான், அரித்துவாரமங்கலம், நாச்சியார்கோயில், திருவாவடுதுறை, நரசிங்கம்பேட்டை என்று நாயனத்தோடும் தவிலோடும் பெயர் ஒட்டிய ஊர்கள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். தனிப்புகழ் எப்படி உண்டாகிறது, அதற்கு யார் யார் துணை நிற்கிறார்கள் என்று ஆராய இதைவிட வளமான நிலம் எனக்குத் தெரியவில்லை.

ராக் குழுக்கள் காட்டும் பாடம்

முதலில் மேற்கைப் பார்த்துவிடலாம். இந்தியாவோடு நேரடித் தொடர்புள்ள பெயர் ஃபிரெடி மெர்குரி. சான்சிபாரில் 1946இல் பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்தவர். மகாராஷ்டிர மலையூரான பஞ்ச்கனியில் பள்ளிப் படிப்பு. அங்கேதான் பள்ளித் தோழர்களோடு 'ஹெக்டிக்ஸ்' என்ற குழுவில் பியானோ வாசித்தார். பிறகு லண்டனில் 1970இல் உருவான குயின் குழுவின் பாடகராக உலகப் புகழ் பெற்றார்.

1985 ஏப்ரலில் 'மிஸ்டர் பேட் கை' என்ற தனி ஆல்பத்தை வெளியிட்டார். பாடல்கள் அனைத்தும் அவரே எழுதியவை. பிரிட்டனில் அது ஆறாம் இடம் வரை போனது. தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்றே மாதம் கழித்து, ஜூலை 13 அன்று, வெம்ப்ளி மைதானத்தில் லைவ் எய்ட் நிகழ்ச்சியில் குயின் குழு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் வாசித்தது. அந்த இருபது நிமிடம்தான் வரலாற்றில் நின்றது. அதே குரல், அதே ஆண்டு. பின்னால் நின்ற பிரையன் மேயின் கிட்டார், ஜான் டீக்கனின் பேஸ், ரோஜர் டெய்லரின் டிரம்ஸ் ஆகியவைதான் வேறுபாடு.

1991 நவம்பரில் மெர்குரி மறைந்த பிறகு நடந்ததை இந்த ஆய்வின் முக்கியச் சான்றாகக் கொள்ளலாம். 1995இல் குயின் வெளியிட்ட 'மேட் இன் ஹெவன்' ஆல்பத்துக்காக, அவருடைய தனி ஆல்பத்திலிருந்து இரண்டு பாடல்களின் குரலை எடுத்து, குழுவின் மற்ற மூவரும் அதைச் சுற்றித் தங்கள் வாத்தியங்களைப் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். தனியே போன குரலைத் தோழர்கள் குழுவுக்குள் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இன்று அந்தப் பாடல்களைப் பலரும் அறிந்திருப்பது இந்த இரண்டாவது வடிவத்தில்தான்.

மெர்குரியின் தனிப் பணியில் உறுதியாக நிற்பது 1988இல் வந்த 'பார்சிலோனா'. அதில் அவர் தனியாக இல்லை. ஸ்பெயினின் ஓப்ரா பாடகி மொன்செராத் கபாயே உடன் பாடினார். அவரை மதித்து, அவருக்கு ஈடுகொடுத்துப் பாட வேண்டிய கட்டாயம் மெர்குரியின் குரலைக் குயினில்கூடக் காணாத உயரத்துக்குக் கொண்டுபோனது.

மற்றவர்கள் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகர் 1985இல் பெயர்பெற்ற வாத்தியக்காரர்கள் பலரைக் கூலிக்கு அமர்த்தித் தனி ஆல்பம் செய்தார். அவரை நினைக்கிறவர்கள் இன்றும் ஸ்டோன்ஸ் பாடல்களைத்தான் நினைக்கிறார்கள். அதே ஆண்டு போலீஸ் குழுவின் ஸ்டிங், ஜாஸ் வாத்தியக்காரர்களைச் சேர்த்து ஒரு புதிய குழுவையே அமைத்துக்கொண்டு தனி ஆல்பம் வெளியிட்டார். அது அவருக்கு இரண்டாவது வாழ்வைத் தந்தது. ஜெனிசிஸ் குழுவை 1975இல் விட்டு வந்த பீட்டர் கேப்ரியல் உலகின் பல மூலைகளிலிருந்து கலைஞர்களைத் தேடிப் பிடித்தார். 1989இல் வந்த அவருடைய 'பேஷன்' பதிவில் நம்முடைய எல். சங்கரின் இரட்டை வயலின் ஒலிக்கிறது. லெட் செப்பெலின் குழு 1980இல் டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹாம் இறந்ததும், இனி குழுவாகத் தொடர இயலாது என்று அறிவித்துக் கலைந்தது. பாடகர் ராபர்ட் பிளாண்ட் அடுத்தடுத்துத் தனிப் பதிவுகள் செய்தார். அவற்றில் பெரும் புகழ் பெற்றது 2007இல் ஆலிசன் கிராஸ் என்ற பாடகியோடு இணைந்து செய்தது.

இவற்றை ஒருசேரப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. குழுவை விட்டு வந்து, கூலிக்குத் துணைவாத்தியம் வைத்துக்கொண்டவர்களின் பதிவு மங்கியது. குழுவை விட்டு வந்து, தன்னை எதிர்த்து நிற்கக்கூடிய புதிய துணையைத் தேடிக்கொண்டவர்களின் பதிவு வாழ்ந்தது. இந்த ஒழுங்கு காவிரிக் கரையிலும் செல்லுபடியாகிறதா என்பதே இனி நம் ஆய்வு.

பெரிய மேளம் எப்படி இயங்கியது

ஒரு மேள செட்டில் பொதுவாக இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒத்து, தாளம் இருக்கும். முதல் நாயனக்காரர் பெயரில்தான் செட்டு அழைக்கப்படும். ஆனால் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ராகத்தை ஏந்திக்கொள்வது இரண்டாம் நாயனம். ஒத்து ஊதுகிறவர் ஒரே ஸ்வரத்தை அறுபடாமல் மணிக்கணக்கில் பிடித்திருப்பார்; மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே விடும் கடும் பயிற்சி அது. அவர் பெயர் அழைப்பிதழில் வந்ததில்லை. அவர் தளர்ந்தால் முதல் நாயனத்தின் சுருதியும் தளரும்.

தவிலின் வேலை வெறும் பக்கவாத்தியம் என்று நினைப்பது தவறு. புறப்பாட்டுக்கு முன்பு அலாரிப்பு வாசித்து ஊரைக் கூட்டுவது தவில். சுவாமி எழுந்தருளும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி தொடங்கினால், அதன் நடையை ஒன்றாம் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஏற்றிச் சுமந்து செல்வது தவில். ரக்தி வாசிப்பில் நாயனமும் தவிலும் ஒரே தாளக் கணக்கை இரு பக்கமிருந்து கட்டுகின்றன. நாயனக்காரர் ராகம் வாசிக்கும் நெடுநேரத்தில் இடையிடையே தவில் எழுந்து கேட்பவரை நிமிர வைக்கும்.

மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோயிலில் பங்குனிப் பெருவிழா 18 நாள் நடக்கிறது. நாளுக்கொரு வாகனம், நாளுக்கொரு வீதியுலா. இத்தனை நீளமான விழாவில் வாசிக்கிற ஒரு மேளத்துக்கு எவ்வளவு கையிருப்பு வேண்டும் என்று யோசித்துப் பார்க்கலாம். காலைக்கு ஒரு ராகம், உச்சிக்கு ஒன்று, இரவு பள்ளியறைக்கு நீலாம்பரி என்று நேரக் கணக்கு உண்டு. தேர் நிற்கும் முச்சந்தியில் ராகம் விரியும். நகரும்போது உருப்படி நகரும். அந்த வீதிதான் நாயனக்காரருக்குப் பள்ளிக்கூடம். இசைத்தட்டு வீடுவீடாகப் பரவும் முன்பே வாழ்ந்து மறைந்த மன்னார்குடி சின்னப் பக்கிரி போன்றவர்களின் பெயர் இன்றும் மேளக்காரர் வீடுகளில் மரியாதையோடு சொல்லப்படுவதற்குக் காரணம் இந்த வீதியில் அவர்கள் ஈட்டிய பெயர்தான்.

மூன்று நிமிடத் தட்டு

இந்தியாவில் இசைப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. பத்து அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஆறேழு நிமிடம். தொடக்க காலத்தில் மைக் கிடையாது. ஒரு கூம்புக்குள் உரக்கப் பாட வேண்டும். 1925க்குப் பிறகு மின்சார ஒலிப்பதிவு வந்து மென்மையான ஒலிகளும் தட்டில் விழத் தொடங்கின.

நாயனக்காரருக்கு இந்தக் கருவி வைத்த சோதனை பாடகர்களுக்கு வைத்ததைவிடக் கடுமையானது. விடிய விடிய ஒரே ராகத்தை வாசிப்பது அவருடைய பெருமை. அந்த விரிவை மூன்று நிமிடத்துக்குள் கொடு என்று கேட்டது கிராமபோன் கம்பெனி. ராகம் தொடங்கும் இடம், ஏறும் படிகள், உச்சி, இறக்கம் எல்லாம் தேர்ந்தெடுத்து வைத்தாக வேண்டும். வீதியில் வாசிக்கும்போது ஒரு பிடி சரியாக அமையாவிட்டால் அடுத்த முச்சந்தியில் அதைச் சீர்செய்துகொள்ளலாம். தட்டில் அதற்கு வழியில்லை.

இன்னொரு மாற்றமும் நடந்தது. ராக ஆலாபனைத் தட்டில் தவிலுக்கு வேலை குறைந்தது. மூன்று நிமிடத்தில் தனி ஆவர்த்தனத்துக்கு ஏது இடம்? கேட்பவர் காதில் மேளம் மெல்ல மெல்ல ஒற்றை நாயனமாகச் சுருங்கியது. முகம் தெரியாத ஊர்களில், ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும், தட்டு வாங்கியவர்களுக்கு நாயனக்காரர் ஒருவர் பெயரே போய்ச் சேர்ந்தது. தனிக்கலைஞர் என்ற பிம்பம் பிறந்தது இங்கேதான்.

அதே சமயம் தட்டு ஒரு விடுதலையையும் கொண்டுவந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கோயில் வீதியிலும் பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்திலும் நாயனக்காரர் நின்றபடியே வாசிக்க வேண்டும். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அவரைவிடக் குறைந்த வித்தை உடையவர் மேடையில் உட்கார்ந்து பாடுவார். இசைவேளாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த அவமதிப்பைச் சுமந்தன. ஒலிப்பதிவு அறையில் யாரும் துண்டை இடுப்பில் கட்டச் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து வரும் நாயனத்தைக் கேட்கிறவர் அதை இசையாக மட்டும் கேட்டார்.

ராஜரத்தினம்: தனிப்பதிவின் உச்சம்

திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை 1898இல் திருமருகலில் பிறந்தார். 1956 டிசம்பரில் மறைந்தார். முதலில் கற்றது வாய்ப்பாட்டு. பிறகுதான் நாயனம். வாய்ப்பாட்டுக் கச்சேரியும் செய்தவர். இந்தப் பின்னணி முக்கியம்: அவர் நாயனத்தில் பாடினார் என்று சொல்வது வெறும் புகழ்ச்சி இல்லை, குரலின் அசைவுகளைக் கருவிக்குள் கொண்டுபோவதே அவர் எடுத்துக்கொண்ட வேலை.

கொலம்பியா வெளியிட்ட அவருடைய தோடி இசைத்தட்டு தமிழ்நாட்டில் ஒரு நிகழ்வாகவே ஆனது. தோடி என்றால் ராஜரத்தினம், ராஜரத்தினம் என்றால் தோடி என்று சாதாரண மக்களும் பேசும் நிலை வந்தது. ஒரு ராகத்தின் பெயரே தெரியாதவர்களும் அந்தத் தட்டைக் கேட்டார்கள். மேள செட்டின் தலைவர் ஒருவர் தன் பெயரில் செய்த பதிவு இவ்வளவு தூரம் போனதற்கு அவருடைய மேதைமை முதல் காரணம். மற்ற காரணங்களையும் எடுத்துப் பார்த்தால்தான் ஆய்வு முழுமையாகும்.

முதலாவது, கருவி. அதுவரை பரவலாக இருந்தது சுருதி கூடிய, குட்டையான திமிரி நாயனம். வீதியில் வெகுதூரம் கேட்கும். ஆனால் அதன் கூர்மை அறைக்குள் காதைத் துளைக்கும். ராஜரத்தினத்துக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார். சுத்த மத்தியமம் சிரமமில்லாமல் சுத்தமாகப் பேசும்படி துளைகளை அமைத்தது அவருடைய கைவேலை. தோடி ராகத்துக்குரிய மத்தியமம் அதுதான். அந்தத் தட்டின் புகழில் பாதியை ஆசாரியின் பட்டறைக்கு எழுதி வைப்பது நியாயம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது தாமதமாக வந்த ஒரு சிறு அங்கீகாரம்.

இரண்டாவது, நாயனத்தில் பொருத்தி ஊதும் சீவாளி. ஆற்றங்கரையில் விளையும் கொருக்கைத் தட்டையைப் பதப்படுத்தி, வேகவைத்து, உலர்த்தி, நூல் சுற்றிச் செய்வது. திருவாவடுதுறையில் இதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. நாயனக்காரரின் உதடும் மூச்சும் முதலில் தொடுவது இந்தச் சிறு தட்டையைத்தான். நல்ல சீவாளி அமையாத நாளில் எந்த மேதையாலும் வாசிக்க முடியாது.

மூன்றாவது, சுருதி. ராஜரத்தினம் ஒத்துக்குப் பதிலாகத் தம்பூராவை மேடைக்குக் கொண்டுவந்தார். தாழ்ந்த சுருதியுள்ள நாயனமும் தம்பூராவும் மைக்கும் சேர்ந்தபோது, வீதிக் கருவி அரங்குக் கருவியானது. ஒத்து ஊதியவர்களின் பிழைப்பு இதனால் மெல்லக் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான்காவது, தவில். ராஜரத்தினத்தோடு தவில் வாசித்தவர்களில் தலையாயவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மன்னார்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரர். இந்த இருவரும் சேர்ந்து வாசித்த கச்சேரிகள் தஞ்சை வட்டாரத்தில் இன்றும் அளவுகோலாகப் பேசப்படுகின்றன. நாயனக்காரர் தன் விருப்பப்படி ராகத்தை நீட்டிவிட்டு எங்கே வந்து விழுந்தாலும் பிடித்துக்கொள்ளும் தவில் ஒன்று இருந்ததால்தான், அவரால் அவ்வளவு தூரம் துணிந்து போக முடிந்தது. வீதியில் கிடைத்த அந்தத் துணிச்சலைத்தான் ராஜரத்தினம் ஒலிப்பதிவு அறைக்கு எடுத்துச் சென்றார். ஆலாபனைத் தட்டில் நீடாமங்கலத்தாரின் தவில் ஒலிக்காவிட்டாலும், அந்தத் தோடியின் நடைக்குள் அவர் இருக்கிறார்.

ஒரு எதிர்ச்சான்றையும் பார்க்க வேண்டும். 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் ராஜரத்தினம் கதாநாயகனாக நடித்தார், பாடினார். புகழின் உச்சியில் இருந்தவர், சொந்தக் குரல், சினிமா என்ற பெரிய மேடை. இருந்தும் அவருடைய பெயரைக் காலத்தில் நிறுத்தியது அந்தப் படம் ஆகவில்லை. மேளத்தின் துணையும் நாயனமும் இல்லாமல் அவர் தனித்து நின்ற இடம் அது. தட்டில் ஒலித்த தோடியோ தனிப்பதிவாகத் தோன்றினாலும் ஆசாரி, சீவாளிக்காரர், தம்பூரா, தவில் என்று ஒரு கூட்டமே தாங்கி நின்ற பதிவு.

இசைத்தட்டு தந்த மதிப்பை அவர் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை என்பது அவருடைய வரலாற்றில் எனக்கு மிக உயர்வாகப் படுவது. கிராப்பு வெட்டி, சட்டையும் கோட்டும் அணிந்து, மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார். தட்டின் வழியாக வந்த தனிப்புகழை மேளக்காரர் அனைவரின் மரியாதைக்காகச் செலவிட்டார். 1947 ஆகஸ்டு 14 அன்று டெல்லியில் நேருவிடம் திருவாவடுதுறை ஆதீனத்தார் செங்கோல் அளித்த நிகழ்வில் ஒலித்தது அவருடைய நாயனம். ஒரு தலைமுறைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நின்ற கலைக்கு அது சாதாரண இடம் இல்லை.

அவருக்குப் பின் வந்தவர்கள்

ராஜரத்தினத்தின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். குருவுக்கு இரண்டாம் நாயனமாக வாசித்து வளர்ந்தார். 1962இல் வெளியான 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாயனம் சேர்ந்து ஒலித்த ஆபேரி ராகப் பாடல், நாயனப் பதிவுகளிலேயே மிக அதிகம் பேர் கேட்டதாக இருக்கக்கூடும். இசையமைத்தவர் எஸ். எம். சுப்பையா நாயுடு. நாயனம் ஒரு பிடியைப் போட, குரல் அதைத் திருப்பிச் சொல்ல, இரண்டும் போட்டியிட்டு மேலே ஏறும் அமைப்பு. மெர்குரியும் கபாயேயும் சேர்ந்து பாடியதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, இரண்டு வேறு உலகங்களைச் சேர்ந்த ஒலிகள் ஒன்றையொன்று உயர்த்திய பதிவு இங்கே நடந்திருக்கிறது. அருணாசலத்துக்கு அந்தப் பாட்டில் கிடைத்தது ஒரு புதிய ஜோடி. அதனால்தான் அது நிலைத்தது.

ஆந்திரத்தின் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999), ராஜரத்தினத்தின் வாசிப்பில் மனத்தைப் பறிகொடுத்தவர். நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியை முறையாகக் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். வேற்று மாநிலத்தில் பிறந்த ஓர் இசுலாமியக் கலைஞர் காவிரிக் கரையின் பாணிக்கு வாரிசானார். ஒரு தனிக்கலைஞரின் புகழ் தன் குடும்பத்துக்கும் ஊருக்கும் வெளியே சீடர்களை ஈட்டித் தரும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் அவரும் தட்டைக் கேட்டதோடு நிறுத்தவில்லை. நாச்சியார்கோயிலுக்கு வந்து, உட்கார்ந்து கற்றார்.

1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கணேசனின் விரல்களுக்குப் பின்னால் ஒலித்தது மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாயனம். அந்தப் படம் நாயனக்காரரை நாயகனாக வைத்தாலும் மேள செட்டைக் கைவிடவில்லை. டி. எஸ். பாலையாவின் தவில் வித்துவான் பாத்திரம் இல்லாமல் அந்தக் கதையை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. சண்டையும் பாசமும் ரோஷமுமாக ஒரு செட்டு எப்படி ஒரு குடும்பமாக இருந்தது என்பதை அது சரியாகப் பிடித்தது.

தவில் தேடிக்கொண்ட தனி வழி

தனியே போகும் வாய்ப்பு நாயனத்துக்கு மட்டும் கிடைத்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மன்னார்குடி பக்கிரியா பிள்ளையின் வாழ்வு இங்கே கவனத்துக்குரியது. தவில் மரபிலிருந்து வந்த அவர் கொன்னக்கோலைக் கைக்கொண்டார். தவிலில் கை சொல்லும் சொற்கட்டுகளை வாயால் சொல்லி, அதையே ஒரு மேடைக் கலையாக நிலைநிறுத்தியவர்களில் முன்னோடி அவர். மேளத்தின் தாளம் மேளத்தை விட்டு வெளியே வந்து ஒரு மனிதக் குரலாக ஆனது மன்னார்குடிக்காரர் ஒருவரால் என்பது இந்த ஊருக்குப் பெருமை. அந்தக் குரலும் தனியாக நிற்கவில்லை; வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம் எல்லாம் நிறைந்த முழு மேடைக் கச்சேரிகளில்தான் கொன்னக்கோல் தன் இடத்தைப் பெற்றது. காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகள் அதற்குப் பெயர்போனவை.

பிற்காலத்தில் வலையப்பட்டி ஏ. ஆர். சுப்பிரமணியம் தவிலோடு வயலினின் பக்கம் வந்தார். குன்னக்குடி வைத்தியநாதனும் அவரும் சேர்ந்து செய்த வயலின், தவில் கச்சேரிகள் ஒலிநாடாவாகவும் வெளிவந்து ஊர் ஊராகப் பரவின. மேளத்தில் பின்னால் நின்ற தவில், இந்த ஜோடியில் வயலினுக்குச் சமமாக முன்னால் உட்கார்ந்தது. நாயனத்தை விட்டு விலகியும் தவில் வாழ முடியும் என்று காட்டிய அரிய முயற்சி அது. புகழும் இருவர் பெயரிலும் சேர்ந்தே போனது.

இங்கேயும் அதே ஒழுங்குதான். தவில் தன்னந்தனியாகப் பதிவு செய்தபோது கணக்கு தெரிந்தவர்கள் மட்டும் கேட்டார்கள். நிகரான துணை ஒன்று அமைந்தபோது ஊரே கேட்டது.

இழப்புகள்

நன்மைகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் ஆய்வு நேர்மையாகாது. தனிப்பதிவு பெரிய மேளத்துக்கு மூன்று இழப்புகளைக் கொண்டுவந்தது.

ஒன்று, விரிவு சுருங்கியது. தட்டில் அடங்கும் உருப்படிகள் வாழ்ந்தன, அடங்காதவை மெலிந்தன. ரக்தி வாசிப்பு அப்படி மெலிந்த ஒன்று. நாயனத்துக்கும் தவிலுக்குமே உரிய அந்த நீண்ட கணக்கு வாசிப்பை இன்று முழுமையாகச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. கீர்த்தனையும் சினிமாப் பாட்டும் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியதும் நாயனத்துக்குத் தட்டைவிட நீண்ட நேரம் கிடைத்தது. அந்த நேரமும் வீதியின் இரவுக்கு ஈடாகாது.

இரண்டு, பெயர்கள் மறைந்தன. முதல் நாயனக்காரர் பெயர் நிற்கிறது. இரண்டாம் நாயனம் யார், ஒத்து யார், தாளம் போட்டவர் யார் என்று பழைய பதிவு ஒன்றை எடுத்து வைத்துக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. இணையத்தில் பழைய பதிவுகளை ஏற்றுகிறவர்களும் முதல் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். ராக் இசையில் யார் எந்தப் பாட்டில் கிட்டார் வாசித்தார், எந்த அறையில் பதிவானது என்று ரசிகர்கள் துருவித் துருவி எழுதி வைத்திருக்கிறார்கள். மெர்குரியின் ஒரு பாட்டுக்கு எத்தனை வடிவங்கள் உண்டென்று அவர்களால் சொல்ல முடிகிறது. நம்முடைய நாயன மேதைகளின் பதிவுகளுக்கு நாம் அந்த உழைப்பைச் செய்யவில்லை.

மூன்று, மேளத்தின் இடத்தில் பதிவே வந்து உட்கார்ந்தது. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் போன்ற பெரிய வித்துவான்களின் மங்கள இசைப் பதிவுகள் வீட்டுக்கு வீடு போனது நல்லதுதான். விடியற்காலையில் அந்த நாதம் கேட்டுக் கண்விழித்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் தாலி கட்டும் நேரத்துக் கெட்டி மேளத்தைக்கூடச் செல்போனில் போட்டுவிடும் வழக்கம் வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கில் பேர் சாப்பிடும் பந்திக்குச் செலவு செய்கிறவர்கள் நாலு மேளக்காரருக்குச் சம்பளம் கொடுக்கத் தயங்குகிறார்கள். ஒரு மேதை அறைக்குள் வாசித்த பதிவு, ஊரில் இருக்கும் செட்டின் சோற்றில் கைவைப்பதை அந்த மேதையே விரும்பியிருக்க மாட்டார்.

முடிவுகள்

இரண்டு உலகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் சில முடிவுகளுக்கு வர முடிகிறது.

தனிப்பதிவு என்பது குழுவுக்கு எதிரான செயல் இல்லை. மெர்குரி தனி ஆல்பம் செய்ததால் குயின் கலையவில்லை; ராஜரத்தினம் தட்டுக்குப் போனதால் மேளம் தாழவில்லை, மேளத்தின் மரியாதை உயர்ந்தது. தலைவர் வெளியே ஈட்டியதைத் திரும்பக் கொண்டுவந்து குழுவுக்குக் கொடுக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ராஜரத்தினம் கொடுத்தார். அவரை நாம் வணங்குவதற்குத் தோடி ஒரு காரணம். இது இரண்டாவது காரணம்.

நிலைத்து நின்ற தனிப்பதிவுகளில் பெரும்பாலானவை, உற்றுக் கேட்டால், புதிய குழுப்பதிவுகளே. கபாயே இல்லாமல் 'பார்சிலோனா' இல்லை. ஜானகி இல்லாமல் காருகுறிச்சியின் ஆபேரி இல்லை. ரங்கநாதன் ஆசாரி இல்லாமல் ராஜரத்தினத்தின் தோடி அந்தத் தெளிவோடு இருந்திருக்காது. துணையைக் கூலியாக நினைத்தவர் பதிவு மங்குகிறது, துணைக்கு நிகராக நின்றவர் பதிவு வாழ்கிறது.

இதிலிருந்து நமக்கு மூன்று கடமைகள் பிறக்கின்றன. பழைய நாயனப் பதிவுகளை வைத்திருக்கும் வானொலி நிலையங்களும் சேகரிப்பாளர்களும், நினைவுள்ள மூத்த வித்துவான்கள் இருக்கும்போதே அவர்களை உட்கார வைத்துக் கேட்டு, ஒவ்வொரு பதிவிலும் வாசித்த அத்தனை பேர் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். டெல்டா மாவட்டங்களின் அரசு இசைப் பள்ளிகளில் நாயனத்தையும் தவிலையும் தனித்தனி வகுப்பாகக் கற்பிப்பதோடு நிற்காமல், மாணவர்களைச் செட்டாகச் சேர்த்து ரக்தியும் மல்லாரியும் வாசிக்கப் பழக்க வேண்டும். பாடகரைப்போல நாயனக்காரரைத் தனியே உருவாக்கிவிட முடியாது, செட்டை உருவாக்கினால் அதிலிருந்து தலைவர் தானே எழுவார். கல்யாணம் செய்கிற குடும்பங்கள் பதிவை வீட்டில் கேட்டுக்கொள்ளட்டும், பந்தலில் மேளத்தை அமர்த்தட்டும்.

இன்று திருவாரூர், தஞ்சாவூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் நாயனம் கையிலெடுக்கும் பிள்ளைகள் பலர் செல்போனிலேயே தங்கள் வாசிப்பைப் பதிந்து உலகத்துக்கு அனுப்புகிறார்கள். கம்பெனியின் தயவு அவர்களுக்குத் தேவையில்லை. மூன்று நிமிடக் கட்டுப்பாடும் இல்லை. விரும்பினால் தோடியை மூன்று மணி நேரம் பதியலாம். ராஜரத்தினத்துக்குக் கிடைக்காத வசதி இது. அவருக்குக் கிடைத்த நீடாமங்கலத்துத் தவிலும் நரசிங்கம்பேட்டைப் பட்டறையும் திருவாவடுதுறைச் சீவாளியும் இவர்களுக்கும் கிடைக்கும்படி செய்வது நம் கையில் இருக்கிறது. தவில்காரருக்கும் ஆசாரிக்கும் சீவாளிக்காரருக்கும் உரிய சம்பளமும் உரிய பெயரும் கொடுக்கிற ஊரில்தான் அடுத்த பெரிய நாயனக்காரர் பிறப்பார்.